சிவப்புக் காரின் வில்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். சிரிப்பு அப்புறம்தான். அதற்கும் பிறகு ஒன்று வரும், அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. பெருநகர் என்ற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகும் ரோட்டில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்திலேயே என் வீட்டுக்காரரின் ரைஸ் மில். பின்னால் மூன்று ஏக்கர் நிலம். ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே இருந்த ஊரில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். என் வீட்டுக்காரருக்கு இரும்பு என்றால் உயிர். எந்த மெஷினைப் பார்த்தாலும் காது கொடுத்துக் கேட்பார். நான் சொல்வதை அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

மில் மோட்டாருக்குக் காயில் கட்ட சென்னைக்குப் போனவர், இரண்டு நாள் கழித்து ஒரு சிவப்புக் காரில் வந்து இறங்கினார். மில்லில் சும்மா கிடந்த ஆயில் இன்ஜினையும், நான் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தையும் கொடுத்து வாங்கியிருந்தார். சீமையிலிருந்து வந்த கார். யாரோ ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போய், பிறகு நாலு கை மாறி வந்திருந்தது. இரண்டே இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே தகரம் கிடையாது, படுதாதான். உயரம் என் இடுப்பு வரைக்கும்.

“ரொம்ப சல்லிசா வந்திச்சி” என்றார், வலது காதைத் தடவிக்கொண்டே.

அவர் பொய் சொல்லும்போது வலது காதைத் தடவுவார். கல்யாணமான முதல் மாதமே நான் கண்டுபிடித்துவிட்டேன். அவருக்கு மட்டும் அது தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தை நடத்த இப்படி ஏதாவது கையில் வேண்டாமா?

ஊரே வந்து பார்த்தது. ஒரு பெரியவர் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இன்னா நைனா, ரோட்டு மேலயே ஒக்காந்துக்கினு போற மாதிரி கீது!” என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை. காவாந்தண்டலத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தக் காரில் போனோம். மடியில் சீர்த்தட்டு. ரோட்டில் ஒரு பத்து பைசா கிடந்து, அதன் மேல் சக்கரம் ஏறியிருந்தால், அது பூவா தலையா என்று என் முதுகெலும்பு சொல்லியிருக்கும். அப்படி ஒரு குலுக்கல். கல்யாண வீட்டில் இறங்கியபோது தட்டில் இருந்த வாழைப்பழங்கள் பஞ்சாமிர்தத்துக்குத் தயாராக இருந்தன. இனி அந்தக் காரில் ஏறுவதாக இருந்தால் அது என் பிணம்தான் என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன்.

அதற்குப் பிறகுதான் உத்திரமேரூரில் இருந்து மெக்கானிக் வந்தார். அடியில் படுத்துப் பார்த்தவர், “பின்னால கீற பட்டை கட்டை மாதிரி கீதுங்க. எவனோ தெரியாதவன் மாத்திப் போட்டுட்டான். இவ்ளோ சின்ன வண்டிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கெட்டியான பட்டை?” என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வில் போல வளைத்த இரும்புப் பட்டைகள், இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு. இரண்டையும் கழற்றிவிட்டு, எங்கோ உடைத்த ஒரு பழைய காரின் மெத்தென்ற பட்டைகளைப் போட்டார்கள். கழற்றியவை மில்லின் மூலைக்குப் போயின. நெல் மூட்டை பார்க்கப் போகும்போதெல்லாம் என் கால் கட்டைவிரல் அதில் இடித்துக்கொள்ளும்.

இப்போது வண்டிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஊர்க்காரர், முக்கால் ஏக்கர் பயிர் வைப்பவர், முப்பது வயது இருக்கும். எங்கள் வீட்டெதிரே பஸ்ஸில் இறங்குகிறவர்களைத் தன் மாட்டு வண்டியில் உள்ளூருக்கு ஏற்றிப்போவார். அதில்தான் தினமும் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். கூண்டு மட்டும்தான் அலங்காரம், மற்றபடி கட்டை வண்டி. அச்சின் மேல் நேராகப் பலகை. காரிலிருந்து தப்பித்த என் முதுகு இதில் மாட்டிக்கொண்டது. ஒரு நாள் கட்டைவிரலில் மறுபடியும் இடித்துக்கொண்ட எரிச்சலில், “இந்த இரும்பை எடுத்து அந்த வண்டிக்காவது போடச் சொல்லுங்க. என் காலும் தப்பிக்கும், முதுகும் தப்பிக்கும்” என்றேன். அதில் தர்மசிந்தனை எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க சுயநலம்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் மில்லை மூடிவிட்டு, கொல்லர், வண்டிக்காரர், இவர் மூன்று பேருமாகச் சேர்ந்து பட்டைகளை அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் பொருத்தினார்கள். வெறும் வண்டியில் அது அசையவே இல்லை. வண்டிக்காரர் முகம் விழுந்துவிட்டது. பிறகு ஐந்து பேர் ஏறினோம். அப்போதுதான் பட்டை லேசாகக் குனிந்து கொடுத்தது. கல்லும் பள்ளமும் கீழேயே நின்றுவிட்டன. “டீச்சர், தொட்டில் மாதிரி கீது டீச்சர்!” என்று வண்டிக்காரர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரே மாதத்தில் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு எல்லாம் பெண் அழைப்புக்கு அந்த வில்வண்டிதான்.

வண்டிக்காரரின் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டிருந்தது. வண்டிக்கு வில் போட்ட அடுத்த வருஷம் மூன்றாம் முறையாக உண்டானாள். குலுக்கல் கூடாது, ஆனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கட்டாயம் வந்து காட்ட வேண்டும் என்று உத்திரமேரூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். எட்டு மைல் குலுங்காமல் எப்படிப் போவது? பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அதனால் புதன்கிழமை விட்டுப் புதன்கிழமை வில்வண்டியில் அவளை உட்கார வைத்து, கனம் வேண்டும் என்பதற்காக நான்கு மூட்டை தவிட்டையும் ஏற்றிக்கொண்டு, மாட்டை நடையாகவே ஓட்டிப் போவார். தவிடு எங்கள் மில்லில் இருந்துதான். போகும்போது ஏற்றுவார், வரும்போது இறக்குவார். எங்கள் வாசலுக்கும் அவர் ஊருக்கும் நடுவில் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஏறிக்கொள்வார்கள், அந்தக் கனமே போதும். ஐந்தாம் மாதம் தாண்டியது. அந்த வாரம் ஊரில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆறும் தாண்டியது.

அதற்குள் எங்கள் பாடு மோசமாகியிருந்தது. இரண்டு வருஷமாக ஏரி நிரம்பவில்லை. நெல் இல்லாத ஊரில் மில்லுக்கு என்ன வேலை? கிணற்றில் தவளைகூட இல்லை. போர் போட்டால் மூன்று ஏக்கரையாவது காப்பாற்றலாம் என்று ஆனது. எத்தனை அடி போடலாம் என்பது கையில் இருக்கும் பணத்தைப் பொறுத்தது. விற்பதற்கு எங்களிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். இவரே சென்னை மோட்டார் கடையில் சொல்லி வைத்தார். சொல்லிவிட்டு வந்த அன்று காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூட வரவில்லை.

வாங்க வந்தவர் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். அரைப் பரீட்சை லீவு, நானும் வீட்டில் இருந்தேன். வெள்ளைப் பேன்ட் போட்ட சென்னைக்காரர். காரைச் சுற்றி வந்து ஒரு விலை சொன்னவர், ஒரு கோணியை விரிக்கச் சொல்லி, அந்த வெள்ளைப் பேன்ட்டோடு அடியில் படுத்துவிட்டார். இரும்பின் மேல் உயிரை வைத்த இன்னொரு பைத்தியம் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “ஐயோ!” என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து ஓடினேன்.

வெளியே வந்தவர் முகமெல்லாம் மண்ணும் சந்தோஷமுமாக இருந்தது. “சார், இந்த வண்டி என்னன்னு தெரியுமா உங்களுக்கு? முன்னாடி இருக்கிற தடிக்கம்பி, ஷாக் அப்சார்பர் எல்லாம் சாதாரண வண்டியில வராது. ரேஸ் ஓட்டறவங்களுக்காகக் கம்பெனியே தனியா பண்ணது. புது வண்டி வாங்கும்போதே எழுதிக் கொடுத்து, தனியா பணம் கட்டி வாங்கணும். கேட்டவங்க ரொம்பக் கம்மி. நம்ம நாட்டுல இன்னொண்ணு இருக்குமான்னே சந்தேகம். ஆனா பின்னாடி மட்டும் யாரோ வேற பட்டை போட்டிருக்காங்களே. அதோட ஒரிஜினல் எங்க சார்?”

மெக்கானிக் சொன்ன ‘தெரியாதவன்’ யார் என்று இப்போது தெரிந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எத்தனையோ முறை அதில் காலை இடித்துக்கொண்டேன், வாசனை தெரியவில்லை.

“அது கிடைச்சா, நான் சொன்ன விலைக்கு மேல இன்னொரு பங்கு தரேன். அதில்லாட்டி இது வெறும் பழைய கார்தான்” என்றார் அவர்.

இன்னொரு பங்கு என்றால் தண்ணீர் வரும் ஆழம் வரைக்கும் போர். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

அந்த ஒரு நொடியில் நான் நினைத்தது எல்லாவற்றையும் எழுதினால் இரண்டு பக்கம் ஆகும். எங்கள் பக்கத்தில், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஒரு ஆணி அடிக்க மாட்டார்கள். சுவரை இடிக்க மாட்டார்கள், கட்டிலைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் வயிற்றில் இருப்பதும் பிரிந்துவிடும் என்று பயம். இரண்டைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயம் எத்தனை மடங்கு இருக்கும்? மாட்டுக்கு லாடம் அடிக்கக்கூட வண்டிக்காரர் பக்கத்து ஊருக்கு ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டு வண்டியை அக்கக்காகக் கழற்றச் சொல்ல வேண்டும். வேறு பட்டை போட்டுத் தரலாம்தான், ஆனால் அதற்கும் கழற்றித்தானே ஆக வேண்டும். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை என்று பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் அந்த வயிறு என்னுடையது இல்லையே.

சரி, பிரசவம் ஆகட்டும், பொறுங்கள் என்று சொல்லலாமா? இந்த மனிதர் பொறுக்கிறவர் இல்லை. மண்ணில் புரண்ட பேன்ட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நேராக வண்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார், நோட்டை நீட்டுவார். முக்கால் ஏக்கர்க்காரன், மழை இல்லாத வருஷத்தில், ஒரு கையில் நோட்டும் மறு கையில் பெண்டாட்டி வயிறுமாக நிற்க வேண்டும். நாங்களே கேட்டாலோ, மறு பேச்சு பேசாமல் கழற்றிக் கொடுத்துவிடுவார். கொடுத்தவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள். அதற்குப் பிறகு ஏதாவது ஆகிவிட்டால், பட்டையால் ஆனதோ இல்லையோ, என் வாழ்நாள் முழுக்க நான் அந்த வண்டியில் ஏற முடியாது.

மணி பதினொன்று ஆகியிருந்தது. புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்குள் அந்த வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, தவிட்டை இறக்க எங்கள் வாசலுக்கே வந்துவிடும்.

“அதுவா சார்?” என்றேன். “அத அப்பவே பட்டறையில குடுத்து அரிவாளா அடிச்சிட்டோமே.”

எங்கள் பக்கத்தில் எந்தக் கொல்லரும் வண்டிப் பட்டையைப் பார்த்தால் அரிவாளைத்தான் பார்ப்பார். அதனால் பொய் பொருத்தமாக இருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்களே, அப்படி. சென்னைக்காரர் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். “அரிவாளா?” என்று இரண்டு முறை கேட்டார்.

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்க தைரியம் இல்லை. இவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கதிர் அரிவாள். உத்திரமேரூர் சந்தையில் நான் பேரம் பேசி வாங்கியது. “நல்ல இரும்பு சார். ரெண்டு வருசமா கருக்கு மழுங்கல” என்றார், வலது காதைத் தடவிக்கொண்டே.

சென்னைக்காரர் அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டி, காதில் வைத்துச் சத்தம் கேட்டார். பிறகு கூச்சத்தோடு, “இதையாவது நான் எடுத்துக்கட்டுமா? என்ன விலைன்னாலும் சரி” என்றார். சும்மா எடுத்துப் போகச் சொன்னோம். அந்த மனிதருக்கு நான் செய்தது அநியாயம்தான். அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

முதலில் சொன்ன விலையைக் கொடுத்து, அரிவாளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஒரு மதகுப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதன் எதிர்ப்பக்கம் வில்வண்டி வந்துவிட்டிருந்தது. சென்னைக்காரர் நல்ல மனிதர். உள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருப்பதைப் பார்த்து, காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். வண்டி மெதுவாக மதகின் மேல் ஏறி, அவரை ஒட்டிக் கடந்தது. அந்தக் காரில்தான் ரோட்டு மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார வேண்டுமே. அவர் கண்ணுக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவருடைய பட்டை குனிந்து நிமிர்ந்து போயிற்று. அவர் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டிவிடும் என்று பயமோ என்னவோ.

கார் போன பிறகு இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எங்கைல ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா ஒனக்கு?”

கேட்டிருக்க வேண்டும்தான். அவருடைய கார், அவருடைய நிலம். ஆனால் கேட்டால் சரி என்பாரா மாட்டேன் என்பாரா என்று எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் வலித்தது.

போர் வண்டி வந்தது. கையில் இருந்த பணம் போகிற ஆழம் வரைக்கும் போனது. கல்தூள் வந்தது, கடைசியில் கொஞ்சம் ஈரம் வந்தது. அதோடு நிறுத்திவிட்டு மூடிவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் நாங்கள் நடவு நடவில்லை. என் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. இவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். அந்தக் காரைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் நின்றுபோனது. பங்குனியில் வண்டிக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். இவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எங்கோ சீமையில் ஒரு ஆள், வளைவில் வேகமாகத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு, கெட்டிப் பட்டை வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வேறு யாரும் அப்படிக் கேட்காததால் அது அபூர்வம் ஆகிவிட்டது. யாருக்கும் வேண்டாத பொருளுக்கு இப்படியும் ஒரு விலை வருமா என்று வியப்பேன். வண்டிக்காரருக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. தவிட்டு மூட்டைக்கு அது குனிகிறதா இல்லையா என்பதுதான் அவருக்குத் தெரியும்.

ஐந்தாறு வருஷம் கழித்து, உள்ளூர் வரைக்கும் டவுன் பஸ் விட்டார்கள். மாட்டு வண்டியில் யார் ஏறுவார்கள்? வண்டிக்காரர் அதைப் பிரித்துப் பலகையை விற்றுவிட்டு, ஒரு நாள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு கோணி. இறக்கிப் பிரித்தால், கிரீஸ் தடவித் துடைத்த அந்த இரண்டு பட்டைகளும்.

“ஒங்க பொருளு டீச்சர். நீங்க அன்னிக்கு மெட்ராஸ்காரர்கிட்ட இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். கொல்லரு சொன்னாரு. அவருகிட்டயே போயி, மீதி அரிவாளு எங்கன்னு கேட்டுக்கினு நின்னாராமே அந்த ஆளு.”

அப்படியென்றால் கொல்லரும் எங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் யாரும் மூச்சு விடவில்லை. வண்டிக்காரரின் மனைவி குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்து, “இதுல இன்னாம்மா கீதுன்னு அந்தாளு அம்மாம் பணம் தரன்னாரு?” என்று கேட்டாள்.

அவள் மகள் அதற்குள் கவிழ்ந்து கிடந்த பட்டையின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை. “நீ ஒருத்தி பத்தாதுடி” என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்தார். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறி நின்றார். பட்டை லேசாகக் குனிந்தது. குழந்தை சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பினார். காரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்.

“அன்னிக்கு நீ முந்திக்கின. இல்லன்னா நானே அரிவாள்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.

ஒரு கை குழந்தையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வலது காதைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காபி போட உள்ளே போனேன்.